ஊன்றுகோலும் ஒரு கண்ணும்

(திருக்குடமுழுக்கு விழாவில் நிகழ்ந்த சொற்பொழிவு)

திருச்சிற்றம்பலம்



காஞ்சி மாநகரம் கோயிலாலும் தறியாலும் வாழும் ஊர். பிள்ளையார்பாளையத்துத் தெருக்களில் காலை வேளையில் நடந்து செல்வார் செவியில் கோயில் மணியோசையும் தறியோசையும் ஒருங்கே வந்து விழும். ஒன்று இறைவனை நினைப்பிக்கும் ஓசை. மற்றொன்று உழைப்பை உணர்த்தும் ஓசை. இவ்விரண்டும் தம்முள் மாறுபட்டனவோ, அன்றி ஒரே வாழ்வின் இரு கூறுகளோ என்பதே இந்நன்னாளில் சிந்திக்கற்பாலது.

துன்பம் வந்துற்ற காலத்து மக்கள் இருவகையாகப் பேசுவர். ‘எல்லாம் அவன் செயல், மனிதரால் ஆவது யாது?’ என்று கைகட்டி அமர்வார் ஒரு சாரார். ‘கும்பிட்டுக் கண்ட பயன் யாது? என் கையே எனக்குத் துணை’ என்று இறைவனை மறப்பார் மற்றொரு சாரார். முன்னவர் அன்புடையார் போலத் தோன்றினும் தம் சோம்பலுக்கு இறைவன் பெயரைச் சூட்டியவர் ஆவர். பின்னவர் வீரர் போலத் தோன்றினும் கை ஓய்ந்த அன்று பற்றுக்கோடின்றி வீழ்பவர் ஆவர். சைவம் இவ்விரு சாராரையும் உடன்படுவதன்று. அது காட்டும் நெறி யாது என்பதற்கு இக்காஞ்சியிலேயே நிகழ்ந்த வரலாறு ஒன்று சான்று பகரும். அதுவே ஆளுடைய நம்பிகள் திருவேகம்பத்தில் இடக்கண் பெற்ற வரலாறு.

கண்ணிழந்த தோழர்

சேக்கிழார் பெருமான் திருத்தொண்டர் புராணத்தில் விரித்துரைத்த அவ்வரலாறு அன்பர் பலரும் அறிந்ததே. திருவொற்றியூரில் சங்கிலியாரை மணந்த நம்பியாரூரர், அவரைப் பிரியேன் என்று மகிழமரத்தின்கீழ்ச் சூளுரைத்தார். காலம் சென்றது. இளவேனில் வந்தது. திருவாரூர்ப் பெருமானின் வசந்த விழா நெஞ்சில் எழுந்தது. ஆரூர்க் காதல் மீதூர, நம்பிகள் ஒற்றியூர் எல்லையைக் கடந்து அடியெடுத்து வைத்தார். அப்பொழுதே இரு கண்களும் ஒளியிழந்தன.

இங்கே நின்று எண்ணிப் பார்த்தல் வேண்டும். கண்ணிழந்தவர் யாவர்? இறைவன் வலிய வந்து ஆட்கொண்ட அன்பர். தம்பிரான் தோழர் என்று உலகம் போற்றும் பெருமையுடையவர். அவருக்கே துன்பம் வந்தது என்றால், ‘கோயிலுக்குப் பொருள் தந்தேன், நோன்பு நோற்றேன், எனக்கு இத்துன்பம் வரலாமோ?’ என்று எவர்தாம் கேட்க இயலும்? இறையன்பு துன்பம் வாராமல் காக்கும் வேலி அன்று. வந்த துன்பத்தைக் கடப்பிக்கும் தோணியே ஆகும்.

அத்துன்பம் பிறர் செய்ததும் அன்று. நம்பிகள் தாமே உரைத்த சூளைத் தாமே கடந்தார். இதனை அவர் மறைக்கவும் இல்லை, மறுக்கவும் இல்லை. தம் பிழையை இறைவன் திருமுன் வைத்துப் பாடினார். துன்பத்திலிருந்து மீளும் வழியில் முதற்படி இதுவே. எந்தப் பிழையால் இழந்தோம் என்று அறியாதவன், எந்த வழியால் பெறுவது என்பதையும் அறியான். ஆயின் எல்லாத் துன்பமும் இம்மைப் பிழையால் வருவதன்று. பிறர் துன்புறக் காணும்பொழுது ‘இவன் செய்த பிழை யாதோ’ என்று ஆராய்தல் அறமும் அன்று. தன் பிழையை ஆராய்தல் அறிவு. பிறர் துன்பத்தைத் துடைத்தல் அன்பு.

ஊன்றுகோலின் பொருள்

கண்ணிழந்த நம்பிகள் அதன்பின் செய்தது யாது? ஒற்றியூர் எல்லையிலேயே அமர்ந்து, கண் வந்தாலன்றி எழேன் என்று இருந்தாரல்லர். ஆரூர்ப் பயணத்தைக் கைவிட்டாரும் அல்லர். நடந்தார். ஒற்றியூரிலிருந்து ஆரூர் இன்றைய சாலை வழியாகவே ஏறத்தாழ 300 கிலோமீட்டர்த் தொலைவு. அவரோ வழியிடையே பல தலங்களை நாடி, சுற்றிச் சென்றார். கண்ணொளியுடன் செல்வார்க்கும் அரிய அவ்வழியைக் கண்ணின்றி நடந்தார். நடந்த வழியெல்லாம் பாடினார். பாட்டு அவருடைய நம்பிக்கை. நடை அவருடைய முயற்சி. பாடிக்கொண்டு அமர்ந்திருந்தாலும் காஞ்சியை அடைந்திரார். பாடாமல் நடந்திருந்தாலும் கண் பெற்றிரார்.

வடதிருமுல்லைவாயிலைப் பணிந்து திருவெண்பாக்கம் சேர்ந்தார். அங்கே பெருமானை நோக்கி, திருக்கோயிலினுள்ளே இருக்கின்றீரோ என்று வினவினார். தாம் அங்கே இருப்பதாகவும், நம்பிகள் மேற்செல்லலாம் என்றும் பொருள்பட ஒரு மறுமொழி வந்தது. கண்ணைக் கேட்டவருக்கு ஓர் ஊன்றுகோல் கிடைத்தது.

உலகியலார் நோக்கில் இது ஏமாற்றமே. ஆயின் அந்த மறுமொழியும் கோலும் சேர்ந்து உணர்த்தும் பொருள் பெரிது. ‘இருக்கின்றோம்’ என்பது நம்பிக்கைக்குக் கிடைத்த விடை. ‘மேற்செல்க’ என்பது முயற்சிக்குக் கிடைத்த கட்டளை. ஊன்றுகோல் இவ்விரண்டையும் பிணைக்கும் பொருள். கோல் தானே நடவாது. நடப்பவனுக்கே அது பயன்படும். அமர்ந்திருப்பவன் கையில் அது வெறும் மரம். திருவருள் பலகாலும் இவ்வாறே வருகின்றது. கடன்பட்டு வருந்துவானுக்குப் புதையல் கிட்டுவதில்லை. ஒரு நல்ல வேலையாள் கிடைக்கின்றான், அல்லது ஒரு நண்பன் நல்லுரை கூறுகின்றான். நோயுற்றானுக்கு ஒரே இரவில் நலம் வருவதில்லை. மருந்தின் கசப்பைப் பொறுக்கும் மனத்திண்மை வருகின்றது. கேட்டது இதுவன்று என்று கோலை எறிபவன் வழியில் நின்றுவிடுகின்றான். இதுவும் அருளே என்று பற்றிக்கொள்பவன் அடுத்த ஊரை அடைகின்றான்.

அந்தத் திருவெண்பாக்கத் தலத்தின் பிற்கால நிலையும் இவ்விடத்து நினைக்கத்தக்கது. சென்னை நகரின் குடிநீர்த் தேவைக்காகக் கொற்றலையாற்றின் குறுக்கே அமைந்த பூண்டி நீர்த்தேக்கம் 1944-இல் நிறைவுற்றது. பழைய கோயில் இருந்த இடம் நீர்ப்பரப்புக்கு உட்பட்டது. கோயில் போயிற்றே என்று அன்பர்கள் கைவிடவில்லை. பெருமானை எழுந்தருளச் செய்து, பூண்டியில் புதிய கோயில் எடுத்து வழிபாட்டைத் தொடர்ந்தனர். நடப்பவனுக்குக் கோல் தந்த பெருமானே, தம் இருப்பிடம் நீரில் ஆழ்ந்தபொழுது அடியார் முயற்சியை ஊன்றுகோலாகக் கொண்டு மேலே எழுந்தருளினார் எனலாம்.

காஞ்சியில் ஒரு கண்

திருவாலங்காட்டை வணங்கி நம்பிகள் காஞ்சியை அடைந்தார். காமக்கோட்டத்தைப் பணிந்து, திருவேகம்பம் புகுந்து, கண் வேண்டிப் பாடினார். இடக்கண் ஒளி பெற்றது. தாம் ஏகம்பனைக் காணக் கண் பெற்ற வியப்பையே அப்பதிகத்துப் பாட்டுதோறும் அவர் எடுத்தோதுகின்றார். ஒரு கண் கிடைத்ததே என்று உருகுகின்றார். ஒரு கண்தானா என்று குறைகூறவில்லை.

இரண்டையும் ஒருங்கே அளிக்க வல்ல பெருமான் ஒன்றை மட்டும் அளித்தது ஏன்? இடப்பாகம் அம்மைக்குரியது, காஞ்சி அம்மை தவம்புரிந்த ஊர், ஆதலின் இங்கே இடக்கண் கிடைத்தது என்று பெரியோர் அமைதி கூறுவர். அம்மையின் அத்தவமும் இன்றைய பொருளுக்கு ஒளி தருவது. கம்பையாற்றங்கரையில் மாமரத்தின்கீழ் மணலால் இலிங்கம் அமைத்து அன்னை வழிபட்டாள். அன்னையின் அன்பைச் சோதிப்பதற்காகக் கம்பையாறு பெருக்கெடுத்து வந்தது. ‘உலகைக் காக்கும் இறைவன் தன்னைத் தானே காத்துக்கொள்ளானோ?’ என்று அன்னை விலகி நின்றாளா? இல்லை. இரு கைகளாலும் மணல் இலிங்கத்தை மார்புறத் தழுவிக்கொண்டாள். அன்னையின் தழுவலுக்குப் பெருமான் குழைந்தார். தழுவக் குழைந்த நாதர் என்னும் திருப்பெயர் அதனால் வந்தது. அன்பு முற்றிய இடத்துக் கை தானே முன்வந்து உழைக்கும் என்பதற்கு இதனினும் பெரிய சான்று வேண்டுவதில்லை. நம்பிக்கையும் முயற்சியும் வேறல்ல என்பது காஞ்சிப் பதியின் தலவரலாற்றிலேயே பொறிக்கப்பட்டுள்ளது.

ஒரு கண் பெற்ற நம்பிகள் காஞ்சியிலேயே தங்கிவிடவில்லை. மீண்டும் நடந்தார். இடையே உடலைப் பற்றிய நோய் திருத்துருத்தித் தீர்த்தத்தில் நீங்கிற்று. இறுதியாகத் திருவாரூர் சேர்ந்தார். அங்கே தோழமை உரிமையால் பெருமானை இடித்துரைத்தும் பாடினார். வலக்கண்ணும் கிடைத்தது. கோல், ஒரு கண், உடல்நலம், மறு கண் என்று படிப்படியாகவே மீட்சி வந்தது. ஒவ்வொரு படியும் அவர் நடந்து சென்ற ஓர் ஊரில் அவருக்காகக் காத்திருந்தது.

அழுக்கு நீக்கும் உவர்மண்

இனி, அன்புடைய இறைவன் துன்பத்தை விடுப்பானேன் என்னும் ஐயம் எழலாம். சித்தாந்த நூலார் இதற்கு ஆடை வெளுப்போனை உவமை காட்டுவர். அவன் துணியின் அழுக்கை நீக்குவதற்கு உவர்மண்ணையும் சாணத்தையும் அதன்மேல் ஏற்றுகின்றான். அறியாதார் அழுக்கின்மேல் அழுக்கை ஏற்றுகின்றான் என்பர். அவனோ அவ்வழுக்கைக் கொண்டே பழைய அழுக்கைப் போக்கி, இரண்டையும் நீரில் அலசித் தூய ஆடையாக்கித் தருகின்றான். வினைப்பயனாகிய துன்பம் அந்த உவர்மண் போன்றது. உயிரைத் தூய்மை செய்தற்கு வந்தது. உயிரோடு நிலைத்து நிற்பதற்கு வந்ததன்று.

காஞ்சி நெசவாளர் இவ்வுண்மையைத் தம் கையாலேயே அறிவர். கருநாடகத்திலிருந்து வரும் பச்சைப் பட்டிழையில் புழு தந்த பசை ஒட்டியிருக்கும். அதனைக் கொதிநீரிலிட்டுப் பசையைப் போக்கிய பின்னரே பட்டு மென்மையும் மெருகும் பெறும். சாயமும் செவ்வையாகப் பற்றும். அவ்வாறு செய்யுங்கால் இழையின் எடையில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு குறைந்துபோம். எடை குறைந்ததே என்று வருந்துவார் எவரும் இலர். குறைந்தது பசை, தோன்றியது ஒளி. துன்பத்தால் மனிதன் இழப்பவற்றுள்ளும் பசையாய் இருந்தது எது, பட்டாய் நிற்பது எது என்று பகுத்துணர்தல் வேண்டும்.

இக்காஞ்சியிலேயே ஆடை வெளுக்கும் தொழில் செய்து நாயன்மாருள் ஒருவரானவர் திருக்குறிப்புத் தொண்டர். அடியார் ஒருவர் குளிரால் நடுங்கி, அழுக்கேறிய கந்தையுடன் வந்தார். பொழுது சாயுமுன் வெளுத்து உலர்த்தித் தரவேண்டும் என்பது உடன்பாடு. தொண்டர் துவைத்தார். மழை பிடித்துக்கொண்டது. பொழுதும் சாய்ந்தது. அடியார்க்குத் தந்த சொல் தவறியதே என்று ஆற்றாது, துவைக்கும் கற்பாறையில் தம் தலையை மோத முற்பட்டார். அப்பாறையினின்றும் ஏகம்பநாதரின் திருக்கை எழுந்து அவரைப் பிடித்துக்கொண்டது.

இவ்வரலாற்றில் தலையை மோதியதைப் பாடமாகக் கொள்ளுதல் பிழை. மோதவிடாது தடுத்த திருக்கையே பாடம். தன்னால் இயன்றதனைத்தையும் செய்து முடித்தபின், தன் வயத்ததல்லாத மழை வந்து கெடுத்தால், அது தொண்டரின் குற்றமன்று. அதனை இறைவன் குற்றமாக எண்ணவில்லை. உயிரை மாய்த்துக்கொள்ளுதல் அவனுக்கு உவப்பன்று என்பதையே அத்திருக்கை அறிவித்தது. முயற்சி எல்லை கண்ட இடத்தில் அருள் தொடங்குகின்றது. அந்த எல்லைவரை உழைப்பது மனிதன் கடமை. எல்லைக்கு அப்பால் தன்னைத் தான் அழித்துக்கொள்ளாது காத்திருப்பதும் அவன் கடமையே.

தறிக்கு வந்த மழை

வண்ணாரத் தொண்டரின் தொழிலைக் கெடுத்த மழை நெசவாளர் தொழிலையும் கெடுப்பதே. பாவைத் தெருவில் நீட்டிச் செம்மை செய்தற்கு வெயில் வேண்டும். அடைமழைக் காலத்தில் தறிக்குழி ஈரம் கட்டும், நீர் ஊறும், காலை வைக்க இயலாது. அந்நாள்களில் தறி நிற்கும், அடுப்பும் தயங்கும். மழையேயன்றி வேறு துன்பங்களும் வந்ததுண்டு. விசைத்தறியின் போட்டி, பட்டின் விலையேற்றம், தங்கம் வெள்ளி விலையேறுந்தோறும் சரிகையின் விலையேற்றம் ஆகியன கைத்தறியாளரை நெடுங்காலமாக வருத்துவன. 2020-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் கொள்ளைநோய் காரணமாக நாடு முழுதும் ஊரடங்கு வந்தபொழுது கடைகள் மூடப்பட்டன, திருமணங்கள் சுருங்கின, திருக்கோயிற் கதவுகளும் அடியார்க்கு அடைக்கப்பட்டன. மணியோசை கேட்கவும் வழியில்லை, தறியோசையும் ஓய்ந்தது.

அவ்விருளிலும் ஊன்றுகோல்கள் இருந்தன. நெசவாளர் தாமே சேர்ந்து நடத்தும் கூட்டுறவுச் சங்கங்கள் இந்நகரில் நெடுங்காலமாக உள்ளன. காஞ்சிப் பட்டுக்கு 2005-ஆம் ஆண்டையொட்டி வழங்கப்பெற்ற புவிசார் குறியீடு, அப்பெயரைப் பிறர் பொய்யாகச் சூட்டிக்கொள்ளாமல் காக்கும் சட்டப் பாதுகாப்பு. இவை கண் ஆகா, கோலே ஆகும். ஆயினும் கோலைப் பற்றியவர் நடந்தனர். தறிகள் மீண்டும் ஒலிக்கத் தொடங்கின.

கோர்வைச் சேலை நெய்வாரைக் கண்டவர் ஒன்றை அறிவர். உடல் ஒரு நிறம். கரை வேறு நிறம். ஒருவர் ஒரு கரையின் நாடாவை ஓட்ட, மற்றொருவர் எதிர்ப்புறத்துக் கரைக்குத் துணை நிற்பார். இருவர் கையும் இசைந்தாலன்றி உடலும் கரையும் பிணையா. பிணைந்தபின் சேலை கிழியினும் கோர்வை விடாது என்பர். நம்பிக்கை ஒரு கரை. முயற்சி மறு கரை. வாழ்வு இடையே ஓடும் உடல். இதனை நெய்து காட்டியவர் நேச நாயனார். சாலியர் குலத்தில் தோன்றி, கம்பீலி நகரில் வாழ்ந்த அவருக்கு மனத்தின் தொழில் இறைவன் திருவடியை நினைத்தல். வாயின் தொழில் திருவைந்தெழுத்தை ஓதுதல். கையின் தொழில் அடியார்க்கு ஆடை நெய்தல். நெய்வதை நிறுத்திவிட்டு அவர் ஓதவில்லை; ஓதுவதை நிறுத்திவிட்டு நெய்யவும் இல்லை.

ஈந்துவக்கும் பெருமக்கட்கு

இவ்விழாவுக்குப் பொருளுதவிய பெருமக்கட்கும் இவ்வரலாறுகளில் ஒரு செய்தி உண்டு. 10-ஆம் நூற்றாண்டில் உத்தம சோழன் அளித்த செப்பேடு ஒன்று, இக்காஞ்சியில் நான்கு சேரிகளில் வாழ்ந்த பட்டுநெசவாளரிடம் ஊரகத் திருமால் கோயிலின் பொருட்கணக்கைக் காக்கும் பொறுப்பு ஒப்படைக்கப்பெற்றதைத் தெரிவிக்கின்றது. தறியில் இழை தவறாமல் காப்பவர் கோயிற் கணக்கிலும் காசு தவறாமல் காப்பர் என்று மன்னன் கருதினான் போலும். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே கோயிலும் தறியும் ஒன்றையொன்று தாங்கின.

ஆகவே, கலசத்துக்குப் பொன் பூசிய கை, அடுத்த தெருவில் தறி ஓய்ந்த வீட்டையும் நாடுதல் வேண்டும். மழைக்காலத்து ஒரு மாத அரிசி, நெசவாளர் பிள்ளையின் ஒரு பருவத்துப் பள்ளிக் கட்டணம், குறைந்த விலை கேளாமல் நேரிய விலை கொடுத்து வாங்கும் ஒரு சேலை ஆகிய இவையே ஊன்றுகோல்கள். ஒருவன் கற்பாறையை நோக்கித் தலை குனியும் வேளையில், அவனைப் பிடிக்கும் திருக்கை இந்நாளில் எவர் தோளிலிருந்து நீளும்? அடியார் தோளிலிருந்தே நீளும்.

இக்குடமுழுக்கின்போது திருமேனியையும் பீடத்தையும் பிணைத்த அட்டபந்தன மருந்தை அன்பர்கள் கண்டிருப்பர். கொம்பரக்கு, சுக்கான்தூள், குங்கிலியம், கற்காவி, செம்பஞ்சு, சாதிலிங்கம், தேன்மெழுகு, எருமை வெண்ணெய் என்னும் எண்பொருளையும் சேர்த்து இடிப்பர். இடிபட இடிபடவே அவை தம்முள் வேற்றுமை நீங்கி இளகும். இளகிய பின்னரே இறைவனைப் பீடத்தோடு அசையாமல் பிணைக்கும் தகுதி அவற்றுக்கு வருகின்றது. இடித்தவர் கை அடியாருடையது. பிணைந்து நின்றவர் பெருமான்.

இடிபட்ட உள்ளங்கள் எல்லாவற்றிலும் ஏகம்பநாதர் அவ்வாறே அசையாது வீற்றிருப்பாராக. கோல் பெற்றார் நடப்பாராக. ஒரு கண் பெற்றார் மறு கண்ணுக்கு வழி செல்வாராக. கண் இரண்டும் பெற்றார் பிறர்க்குக் கோலாக நிற்பாராக. காமாட்சியன்னை திருவருளால் காஞ்சியில் மணியும் தறியும் ஓயாது ஒலிப்பனவாக.

திருச்சிற்றம்பலம்